சாரதி கேட்ட கேள்வி

வாவிக்கரையில் மாலைப்பொழுதைக் கழிப்பவன் உலக விவகாரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவை தாமாகவே வந்து பக்கத்தில் அமர்ந்துகொள்ளும். அண்மையில் ஒரு மாலை கல்லடிப் பாலத்தருகே என் பக்கத்தில் வந்தமர்ந்த விவகாரம் ஒன்றை இவ்வாரம் வாசக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன். விவகாரம் உலகளாவியதுதான். ஆனால் அதனைக் கொண்டுவந்தவர் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு முதியவர். அவர் கையில் இருந்ததோ ஒரு பாடசாலைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பி.

முதியவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. 1976ஆம் ஆண்டு முதல் முப்பது ஆண்டுகள் மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையே பஸ் ஓட்டியவர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாடா விரித்தாற்போற் கிடக்கும் அந்தத் தெருவில் அவர் அறியாத வளைவு இல்லை. அவரை அறியாத கடைக்காரரும் இல்லை. புயலடித்த காலத்திலும் போர் நடந்த காலத்திலும் வண்டியை எடுத்தவர். ஒருநாளேனும் ஓர் உயிருக்கும் ஊறு செய்ததில்லை என்பதே அவர் வாழ்வின் பெருமை. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தைக் கொண்டு வாவிக்கு அப்பால், படுவான்கரையில், இரண்டு ஏக்கர் வயல் வாங்கினார். அந்த வயலை 2011ஆம் ஆண்டு வெள்ளம் மூடியது. அதன் பின்னும் இருமுறை கதிர் முற்றும் தறுவாயில் நீர் புகுந்து பயிரை அழுக வைத்தது.

அவருடைய பேத்திக்கு வயது பன்னிரண்டு. பாடசாலையில் ஆசிரியை காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கற்பித்திருக்கிறார். பிள்ளை அன்று மாலையே கொப்பியில் ஒரு படம் வரைந்தாள். புகை கக்கும் வாகனம் ஒன்று. அதன் மேலே சிவந்த சூரியன். அதன் கீழே வெள்ளத்தில் பாதி மூழ்கிய வீடு. படத்தின் அடியில், "மனிதர் வாகனம் ஓட்டுவதால் காலநிலை மாறுகின்றது" என்று முத்து முத்தாக எழுதினாள். எழுதி முடித்தவள் பாட்டனாரை நிமிர்ந்து பார்த்து, "அம்மப்பா, நீங்கள் முப்பது வருடம் பஸ் ஓட்டினீர்கள் அல்லவா? அதனாலேதானா நம்முடைய வயலுக்கு வெள்ளம் வந்தது?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்டவள் களங்கமின்றிக் கேட்டாள். கேட்கப்பட்டவருக்கோ அன்றிரவு உணவு செல்லவில்லை.

"தம்பி, நீர் பத்திரிகைக்கு எழுதுகிறவர். இது மெய்யா, பொய்யா என்று சொல்லும்" என்று கொப்பியை என் மடியில் வைத்தார். நான் வாய் திறக்குமுன் தம் பக்கத்து வழக்கைத் தாமே எடுத்துரைக்கவும் தொடங்கிவிட்டார். தேர்ந்த அப்புக்காத்து ஒருவரும் அதனினும் செம்மையாக வாதாடியிருக்க மாட்டார்.

"எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியை நீரும் கண்டீர். அந்த நாளில் இந்த ஊரில் எத்தனை கார் ஓடியது? அப்படியிருந்தும் அந்தப் பேய்க்காற்று வந்ததே, அது யார் ஓட்டிய வண்டியால் வந்தது? இது ஒன்று. 2022ஆம் ஆண்டு எண்ணெய் இல்லாமல் நாடே நின்றது. பெற்றோல் நிலையத்து வரிசையில் நாட்கணக்காகக் கிடந்தோம். ஊர் முழுவதும் சைக்கிளில் போனது. வாகனந்தான் காரணம் என்றால் அந்த வருடத்தோடு வெயில் தணிந்திருக்க வேண்டாமா? இது இரண்டு. உலகப் படத்தில் நம்முடைய நாடு ஒரு மாங்காய் அளவு. அதில் மட்டக்களப்பு ஒரு புள்ளி. இந்தப் புள்ளியில் ஓடிய ஒரு பஸ் வானத்தை மாற்றிவிடுமா? இது மூன்று."

மூன்றும் நல்ல கேள்விகள். படித்தவர்கள் கூடும் சபைகளிலும் இவையே கேட்கப்படுகின்றன. ஆதலின் அவற்றை எள்ளி ஒதுக்காமல், இரண்டு நாள் தவணை கேட்டேன். மூன்றாம் நாள் மாலை பேத்தியையும் அழைத்துவரும்படி சொன்னேன். பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதுப் பாலமும் அருகருகே தெரியுமிடத்தில் மூவரும் அமர்ந்தோம். அன்று அவர்களுக்குக் கூறியதையே இங்கும் தருகின்றேன்.

முதலில் வண்டியின் பின்னால் வரும் புகையைப் பற்றி ஒரு சொல். கண்ணுக்குக் கரிய நிறமாய்த் தெரியும் புகை வேறு. காலநிலையை மாற்றும் பொருள் வேறு. பின்னையது நிறமும் மணமும் அற்றது. முதியவரும் நானும் படித்த காலத்தில் அதனைக் கரியமில வாயு என்றோம். பேத்தியின் பாடநூலில் அது காபனீரொட்சைட்டு. பளபளக்கும் புது வண்டியும் எண்ணெய் எரிக்கும் வரையில் அதனை வெளிவிட்டே தீரும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகின்றது. ஒரு லீற்றர் டீசலிலிருந்து ஏறத்தாழ 2.7 கிலோகிராம்.

"ஒரு லீற்றர் பெற்றோல் ஒரு கிலோ எடைகூட இல்லையே! அதிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் எப்படி வரும்?" என்று முதியவர் உடனே மறித்தார். முப்பது ஆண்டுகள் எண்ணெயோடு பழகியவரல்லவா! பதிலைப் பேத்தியே சொன்னாள். எண்ணெயில் உள்ள காபன் எரியும்பொழுது காற்றிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்துக்கொள்கின்றது. எடையில் பெரும்பகுதி அந்த ஒட்சிசனுடையதே. பாட்டனார் முகத்தில் அன்று முதன்முறையாகச் சிறிது ஒளி பரவியது.

இந்த வாயு செய்யும் வேலை யாது? சூரியனின் ஒளி பூமிக்கு வர அது தடை செய்வதில்லை. வந்த வெப்பம் திரும்பி விண்ணுக்குச் செல்லும்பொழுது அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றது. மார்கழி வாடையில் நாம் போர்த்தும் போர்வை எவ்வாறு நம் உடற்சூட்டையே நமக்குக் காத்துத் தருகின்றதோ, அவ்வாறே இதுவும். இந்தப் போர்வை அடியோடு இல்லையாயின் பூமியின் சராசரி வெப்பம் உறைநிலைக்குக் கீழ் 18 பாகை அளவில் இருக்கும். ஆகவே போர்வை தீயதன்று. அது அளவுக்கு மேல் தடித்துக்கொண்டே போவதுதான் தீங்கு.

இஃது அரசியல்வாதிகள் நேற்றுக் கட்டிவிட்ட கதையன்று. 1856இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட், கண்ணாடிக் குழாய்களில் பலவகை வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து, கரியமில வாயு நிறைந்த குழாயே மிகுதியாகச் சூடேறியதைக் கண்டார். 1859இல் ஜோன் டின்டால் என்னும் விஞ்ஞானி, அவ்வாயு வெப்பக் கதிர்களை விழுங்குவதைக் கருவிகளால் அளந்தார். 1896இல் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ், மனிதர் நிலக்கரி எரிப்பதால் பூமி சூடேறக்கூடும் என்று கணக்கிட்டார். குளிர் நாட்டவராதலின் அதனை அவர் ஒரு நன்மையாகவே கருதினார்! கச்சான் காற்றில் வதங்கும் நம்மவரைப் பற்றி அவர் நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

சரி, காற்றில் அவ்வாயு கூடியதென்பது எவ்வாறு தெரியும்? 1958இல் சார்ள்ஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அதனை அளக்கத் தொடங்கினார். அப்பொழுது பத்து இலட்சம் பங்கு காற்றில் அது ஏறத்தாழ 315 பங்கு. இன்று 420ஐயும் தாண்டிவிட்டது. அதற்கு முற்பட்ட காலத்தின் கணக்கைத் துருவப் பனிக்கட்டி வைத்திருக்கின்றது. பனியில் அடைபட்ட பழங்காற்றுக் குமிழிகளை ஆராய்ந்தபொழுது, இயந்திரத் தொழில் பெருகுமுன் அது 280 பங்கு அளவிலேயே இருந்தது என்று தெரிந்தது. கடந்த எட்டு இலட்சம் ஆண்டுகளில் அது இன்றைய அளவை அணுகியதே இல்லை.

"கூடியது இருக்கட்டும், அது மனிதன் விட்டதென்பதற்கு என்ன சாட்சி? எரிமலை விடாதா?" என்றார் முதியவர். எரிமலைகளும் விடுகின்றன, ஆனால் மனிதர் ஆண்டுதோறும் விடுவதில் அது நூற்றில் ஒரு பங்கும் தேறாது. அன்றியும் வாயுவின் மீதே அதன் பிறப்பிடத்தின் முத்திரை இருக்கின்றது. உயிருள்ள மரஞ்செடிகளில் கதிர்வீசும் காபன் சிறிதளவு உண்டு. அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகத் தேய்ந்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அறவே இல்லை. அத்தகைய பழைய காபன் காற்றில் கலந்துவருவதை ஹான்ஸ் சூஸ் என்னும் அறிஞர் மரவளையங்களை ஆராய்ந்து 1955இலேயே வெளியிட்டார். எரிமலைக் காபனும் பழையதுதான்; ஆனால் அதன் அளவு அற்பம் என்று முன்னரே கண்டோம். எரிப்பதற்குச் செலவாகும் ஒட்சிசன் காற்றில் அதற்கேற்பக் குறைந்துவருவதையும் பிற்காலத்தில் அளந்திருக்கின்றார்கள்.

சூரியனே சூடேறியிருக்கலாமே என்றும் சிலர் சொல்வர். சூரியன் காரணமாயின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருங்கே சூடேற வேண்டும். நடப்பதோ வேறு. கீழடுக்கு சூடேறுகின்றது, மிக உயர்ந்த அடுக்கு குளிர்ந்துவருகின்றது. போர்வைக்கு உள்ளே சூடும் வெளியே குளிருமாக இருப்பதைப் போன்றது இது. இவற்றையெல்லாம் சீர்தூக்கியே, காலநிலை பற்றிய ஐக்கிய நாடுகளின் அறிஞர் குழு, பூமியைச் சூடேற்றியது மனிதரின் செயல் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்று 2021இல் அறிவித்தது. 1850க்கும் 1900க்கும் இடைப்பட்ட காலத்தோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் பூமி ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் சூடேறியிருந்தது.

நிற்க. இனி முதியவரின் மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவை மட்டக்களப்பில் வாழ்ந்த எவரும் மறப்பதற்கில்லை. தென்னந்தோப்புகள் தலை முறிந்து கிடந்தன. கூரை தப்பிய வீடுகள் அரிது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. அதற்கு முன், 1964 டிசம்பரில், திருகோணமலைப் பக்கமாகக் கடந்து சென்ற புயல் தனுஷ்கோடியையே அழித்தது. வங்கக் கடலில் புயல் பிறப்பது புதிதன்று. வண்டிகள் இல்லாத காலத்திலும் அது பிறந்தது, இனியும் பிறக்கும்.

ஆனால் ஐயாவிடம் ஒன்று கேட்டேன். "அண்ணன், குடிக்காத சாரதியும் விபத்தில் மாட்டுவதுண்டா, இல்லையா?"

"ஏன் இல்லை? வழியில் மாடு குறுக்கே வந்தால் யாருக்கும் விபத்துத்தான்."

"அப்படியானால், குடிப்பதால் விபத்து வருகின்றது என்பது பொய்யா?"

அவர் சிறிது நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொய்யில்லை. குடித்தவனுக்கு அடிக்கடி வரும், வந்தால் பலமாக வரும்" என்றார்.

இதுவே அந்தக் கேள்விக்கு விடை. காற்று ஒரு பாகை சூடேறினால் அது ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகுதியான நீராவியைத் தாங்க வல்லது. தாங்கியதைக் கொட்டும்பொழுது மிகுதியாகக் கொட்டுகின்றது. புயல்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று அறிஞர் துணிந்து சொல்லவில்லை. ஆனால் வரும் புயல்களில் கடும் புயல்களின் விகிதம் கூடியிருக்கின்றது என்றும், பெருமழை மேலும் பெருமழையாகின்றது என்றும் சொல்கின்றார்கள். கடல் மட்டமும் 1901க்கும் 2018க்கும் இடையே ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது. வெள்ளம் வடிய வேண்டிய கடலே உயர்ந்து நின்றால், முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட்டாலும் வாவி நீர் முன்போல் விரைந்து வடியாது அல்லவா?

எனினும் நடுவுநிலை தவறுதல் ஆகாது. ஒரு குறித்த வெள்ளத்தைக் காட்டி, இது முழுவதும் காலநிலை மாற்றத்தின் வேலை என்று கூறுவது முறையன்று. 2011ஆம் ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பாதித்த வெள்ளத்துக்கு, அவ்வேளை பசிபிக் கடலில் வலுத்திருந்த 'லா நினா' என்னும் இயற்கை நிலையும் ஒரு காரணமாயிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்து அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன 'டித்வா' புயலில் மலைநாட்டு மண்சரிவே பலரை விழுங்கியது. சரிவில் வீடு கட்ட நேர்ந்த ஏழ்மைக்கும் அதில் பங்குண்டு. நம்மூரிலும் தாழ்நிலத்தை மண்ணிட்டு நிரப்புகின்றோம். வாவியோரத்துக் கண்டல் மரங்களை வெட்டுகின்றோம். மதகின் வாயில் குப்பையைக் கொட்டுகின்றோம். அவ்வாறு செய்துவிட்டு, பழி முழுவதையும் வானத்தின் மீது போட்டுத் தப்பிவிட இயலாது.

இரண்டாவது கேள்வி: 2022இல் வண்டிகள் நின்றனவே, ஏன் வெயில் தணியவில்லை?

இதற்கு உன்னிச்சைக் குளத்தை நினைத்துக்கொள்வோம். குளத்துக்கு ஆற்றுவழி நீர் வருகின்றது. மதகுவழி நீர் போகின்றது. வருவது இரு பங்கும் போவது ஒரு பங்குமாக இருந்தால் குளம் நாளுக்கு நாள் ஏறும். ஒரு வாரம் வரவு சிறிது குறைந்துவிட்டது என்பதற்காகக் குளத்து நீர் இறங்குமா? இறங்காது, சிறிது மெதுவாக ஏறும், அவ்வளவே. வானமும் அத்தகைய குளந்தான். மனிதர் விடும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் காடும் ஏற்றுக்கொள்கின்றன; மற்றப் பாதி காற்றில் தங்கிவிடுகின்றது. தங்கியதில் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். கொரோனாவினால் உலகமே வீட்டுக்குள் அடைபட்ட 2020ஆம் ஆண்டில் கூட, எரிபொருளால் எழும் வாயு இருபதில் ஒரு பங்கு அளவே குறைந்தது. காற்றிலுள்ள அளவு அவ்வாண்டிலும் ஏறியே வந்தது. உலகம் நின்றபோதே இப்படியாயின், இலங்கை மட்டும் சில மாதங்கள் நின்றதில் என்ன தெரியப் போகின்றது?

இதைக் கேட்ட பேத்தி, "அப்படியானால் இனி ஒன்றுமே செய்ய முடியாதா?" என்று கலங்கினாள். முடியும். வரவை அறவே அடைத்துவிட்டால் சூடு மேலும் ஏறுவது பெரும்பாலும் நின்றுவிடும் என்று அறிஞர் கணித்திருக்கின்றார்கள். ஏறிய சூடு விரைவில் இறங்காது. ஆனால் அணைக்கட்டு உடையாமல் காக்கலாம். எந்த உயரத்தில் நிறுத்துகின்றோம் என்பதே இன்றைய கேள்வி.

மூன்றாவது கேள்வி, நம் சிறுமையைப் பற்றியது. இதில் முதியவர் பக்கம் நியாயம் உண்டு. உலகம் முழுவதும் எரிபொருளால் வெளிவிடும் கரியமில வாயுவில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆளுக்கு ஆண்டுக்கு நாம் விடுவது ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி நான்கு தொன்னுக்கு மேல். அமெரிக்காவில் ஏறத்தாழ 14 தொன். இன்னொன்றும் உண்டு. எரிபொருளால் எழும் வாயு முழுவதும் வாகனங்களினால் வருவதன்று. உலகில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. மிச்சத்தில் பெரும்பகுதி மின்சாரத்துக்கும் தொழிற்சாலைக்கும் எரிப்பவை. நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியும் அதில் சேர்ந்ததே. நாம் இரவில் போடும் மின்விசிறியிலும் அதன் பங்கு இருக்கின்றது.

ஆகவே, வாகனம் ஓட்டுவதால் காலநிலை மாறுகின்றதா என்றால், ஆம், அதனாலும் மாறுகின்றது. அதனால் மட்டுமன்று. ஒரு சாரதியின் வண்டியால் ஒரு வயலில் வெள்ளம் வந்ததா என்றால், இல்லை. அப்படி ஒருவன் தலையில் கட்டுவதற்குக் கணக்கு இடங்கொடாது.

"கணக்கு என்கிறீரே, என் பஸ்ஸின் கணக்கையும் போட்டுவிடும். மறைவாக வைக்க வேண்டாம்" என்றார் முதியவர். அவர் சொன்ன அளவுகளை வைத்தே பேத்தி கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அவருடைய பஸ் ஒரு லீற்றர் டீசலுக்கு 4 கிலோமீற்றர் ஓடும். ஒரு பயணத்துக்கு 10 லீற்றர். 27 கிலோ கரியமில வாயு. கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. ஆனால் பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தார்களே! பங்கிட்டால் ஆளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதே தெருவில் ஒருவர் தனியாகக் காரில் போகின்றார் என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்றால் மூன்றேகால் லீற்றருக்குச் சற்று மேல் பெற்றோல் செலவாகும். அவர் ஒருவருக்கு மட்டும் ஏறத்தாழ 7.7 கிலோ. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் தனியே போகின்றவருக்கு ஏறத்தாழ 1.8 கிலோ. பஸ்ஸில் போகின்றவர் விடுவதைப் போல் காரில் தனியே போகின்றவர் விடுவது பதினான்கு மடங்கு!

பேத்தி விடையை இருமுறை சரிபார்த்தாள். பிறகு கண்கள் விரிய, "அம்மப்பா, அப்பா ஒவ்வொரு நாளும் கல்முனைக்குக் காரில் தனியாகத்தானே போகிறார்!" என்றாள்.

முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். மூன்று நாளாக அவர் நெஞ்சில் கிடந்த பாரம் அந்தச் சிரிப்போடு இறங்கியதை நான் கண்டேன். "பார்த்தீரா தம்பி, குற்றவாளி நானல்ல, மருமகன்!" என்றார்.

சிரிப்பு அடங்கிய பின் அவரே வேறொன்றும் சொன்னார். "ஆனாலும் அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பஸ் நேரத்துக்கு வராது. வந்தால் கால் வைக்க இடமிராது. அலுவலகத்துக்குப் பிந்திப் போனால் அவன்தானே ஏச்சு வாங்க வேண்டும்? நான் ஓட்டிய காலத்தில் என் வண்டியைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். அப்படி ஓடினால் அவனும் ஏறுவான்."

வாசக அன்பர்களே, இந்த வார்த்தையில் பெரிய உண்மை ஒன்று இருக்கின்றது. காலநிலையைக் கெடுத்தவன் யார் என்று வீட்டுக்குள்ளேயே விரல் நீட்டிக்கொண்டிருப்பதால் பயனில்லை. பிள்ளை பாட்டனைக் குற்றஞ்சாட்டுவதும், பாட்டன் மருமகனைக் குற்றஞ்சாட்டுவதும், ஏழை நாடு செல்வ நாட்டைக் குற்றஞ்சாட்டிவிட்டுச் சும்மா இருப்பதும் ஒன்றே. செல்வ நாடுகளின் பொறுப்பு மிகப் பெரிது. அதனைக் கேட்டு வாங்க நமக்கு முழு உரிமையும் உண்டு. ஆனால் நேரந் தவறாத பஸ் வேண்டும் என்று கேட்பதும், தாழ்நிலத்தை நிரப்பாதே என்று தடுப்பதும், கண்டல் மரத்தைக் காப்பதும் நம்முடைய ஊரிலேயே நாம் செய்ய வேண்டியவை. அறியாமற் செய்ததற்கு யாரும் பாவியல்லர். அறிந்த பின் கண்ணை மூடிக்கொள்வதுதான் பிழை.

அன்று வீடு திரும்புமுன் பேத்தி கொப்பியைத் திறந்து, தான் எழுதிய வாக்கியத்தைத் திருத்தினாள். இப்பொழுது அது இவ்வாறு இருக்கின்றது: "மனிதர் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் காட்டை அழிப்பதாலும் காலநிலை மாறுகின்றது. வாகனம் ஓட்டுவது அதில் ஒரு பங்கு." படத்தில் காருக்குப் பக்கத்தில் ஒரு பஸ்ஸையும் வரைந்தாள். அதன் யன்னல்தோறும் ஒரு முகம். சாரதி ஆசனத்தில் மீசை வைத்த ஒருவர்.

மருமகனைப் பற்றியும் ஒரு சொல் சொல்லி முடிக்கின்றேன். வீட்டில் நடந்த விசாரணையின் முடிவில், வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸிலும், மற்ற நாட்களில் அதே திசையில் வேலைக்குப் போகும் அயலவர் இருவரை ஏற்றிக்கொண்டு காரிலும் செல்வதென்று இணக்கம் ஏற்பட்டிருக்கின்றது. முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பஸ் தரிப்பிடத்தில் மாமனாரும் உடன் நின்றார். மருமகனை வழியனுப்ப வந்ததாகச் சொன்னார். ஆனால் அவர் கண் முழுவதும் கைக்கடிகாரத்தின் மீதே இருந்தது. பஸ் பதினொரு நிமிடம் பிந்தி வந்தது. சாரதியிடம் அவர் சொன்ன புத்திமதியை இங்கே எழுதுவதற்கில்லை.